எறையூர் சிப்காட் கேட்டுக்கு வெளியே ஒரு கடை: உங்க சிறுதொழில் முதல் சம்பள ஆளை எப்போ வைக்கும்?



பெரம்பலூர் பக்கம் எறையூர்னு சொன்னா ரொம்ப நாளா எல்லாருக்கும் ஞாபகம் வருவது சர்க்கரை ஆலைதான். 1970-களில் அரசு தொடங்கிய பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருப்பது இந்த எறையூரில். இப்போ அதோட இன்னொரு பேரும் சேர்ந்திருக்கு. 2022 நவம்பரில் இங்கே சிப்காட் தொழிற்பூங்காவில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த வருடமே, 2023-ல், க்ராக்ஸ் செருப்பு தயாரிக்கும் தொழிற்சாலை திறந்தாச்சு. காலணித் தொழில் என்றாலே பெண்களுக்கு அதிகம் வேலை தரும் தொழில். கரும்பு, மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மழையை நம்பி இருந்த ஒரு பகுதிக்கு மாதச் சம்பளம் வர ஆரம்பிப்பது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாதிரி ஒரு தொழிற்சாலை வந்ததும் சுத்துப்பட்டு ஊர்களில் எல்லார் வீட்டிலும் ஒரு பேச்சு ஓடும். "உள்ள வேலைக்குப் போகலாமா? இல்ல கேட்டுக்கு வெளிய ஒரு கடை போட்டுடலாமா?" ஒரு பக்கம், "சொந்தத் தொழில்தான் முன்னேற்றம், நாலு பேருக்கு வேலை கொடுக்கலாம்" என்று சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், கடை போட்டு ஒரே வருடத்தில் நகையை அடகு வைத்தவர்களும் நம்ம கண் முன்னாடியே இருக்காங்க.

சிறுதொழில்தான் நாட்டின் முதுகெலும்பு, சிறுதொழில்தான் வேலை கொடுக்குது என்று மேடையில் எல்லாரும் சொல்றாங்க. அது எவ்வளவு தூரம் உண்மை? உங்க கடை உண்மையிலேயே ஒரு ஆளுக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு எப்போ வரும்? இன்னைக்கு இதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க.

1. முதலில் நாட்டுக் கணக்கு

தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2015-16-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. கம்பெனியாகப் பதிவு செய்யாத, விவசாயம் அல்லாத சிறு நிறுவனங்களை எண்ணினார்கள். பெட்டிக்கடை, தையல் கடை, தறி, ஒர்க்‌ஷாப், டீக்கடை எல்லாம் அதில் அடங்கும். அதில் வந்த எண்கள் இவை.

இந்தியா முழுக்க: சுமார் 6.34 கோடி நிறுவனங்கள், 11.10 கோடி பேருக்கு வேலை.

தமிழ்நாட்டில்: சுமார் 49.48 லட்சம் நிறுவனங்கள், 96.73 லட்சம் பேருக்கு வேலை.

11 கோடி வேலை என்பது எந்தப் பெரிய கம்பெனியும் கிட்டக்கூட வர முடியாத எண்ணிக்கை. அதோட, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களிடமிருந்து வருகிறது. ஏற்றுமதியிலும் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு இவர்கள் தயாரிக்கும் பொருட்கள் இருக்கு. ஆக, மேடையில் சொல்வது பொய் இல்லை.

ஆனா அதே எண்களை ஒரு தடவை வகுத்துப் பாருங்க. 11.10 கோடியை 6.34 கோடியால் வகுத்தால் 1.75 வரும். தமிழ்நாட்டுக்கு வகுத்தால் 1.95. அதாவது சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் யாரு? முதலாளியும் அவர் வீட்டுக்காரரும்தான். அதே கணக்கெடுப்பின்படி, 100 நிறுவனத்தில் 84 நிறுவனம் சம்பளத்துக்கு நிரந்தரமாக ஒரு ஆளைக்கூட வைக்காதவை. மீதி 16-தான் வெளியாளுக்குச் சம்பளம் கொடுப்பவை.

இதைப் பழைய கணக்கெடுப்பு என்று ஒதுக்கிட வேண்டாம். உங்க தெருவில் இருக்கும் பத்து கடையை இன்னைக்கு எண்ணிப் பாருங்க. சம்பள ஆள் இருக்கும் கடை எத்தனை என்று உங்களுக்கே தெரிஞ்சிடும்.

2. கடை தொடங்குவது வேறு, கடை வளர்வது வேறு

சாங்-டாய் ஷியே, பீட்டர் கிளெனோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியா, மெக்சிகோ, அமெரிக்கா மூன்று நாட்டுத் தொழிற்சாலைகளையும் வயது வாரியாக ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் 40 வருடம் ஓடிய ஒரு தொழிற்சாலையில், தொடங்கி ஐந்து வருடம்கூட ஆகாத தொழிற்சாலையைப் போல ஏழு மடங்குக்கு மேல் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். இந்தியாவில் அதே 40 வருடத்தில் ஆட்கள் எண்ணிக்கை சுமார் இரண்டு மடங்குதான் ஆகிறது.

நம்ம ஆட்களுக்குத் திறமை இல்லையா? அப்படி இல்லை. தறி ஓட்டுபவர், லேத் பட்டறை வைத்திருப்பவர், பரோட்டா கடைக்காரர் எல்லாரும் காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி வரை உழைக்கிறார்கள். தொழில் தொடங்க நம்ம ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தொடங்கின தொழில் இரண்டாவது படிக்கு ஏற மாட்டேங்குது. அங்கேதான் வேலைவாய்ப்பும் நின்னு போகுது, பொருளாதார வளர்ச்சியும் நின்னு போகுது.

அந்த இரண்டாவது படிக்கு இந்தப் பதிவில் நான் வைக்கிற பேர், "முதல் சம்பள ஆள்". வீட்டு ஆள் அல்லாத ஒருத்தருக்கு மாதா மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்க முடியுற நிலை. உங்க தொழில் அந்த இடத்துக்கு வந்தால்தான் அது ஊருக்கு ஒரு வேலையை உருவாக்கியது என்று அர்த்தம். அதுவரைக்கும் அது உங்க வேலையை மட்டும் உருவாக்கியிருக்கு. அதுவும் நல்ல விஷயம்தான். ஆனா இரண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

3. கேட்டுக்கு வெளியே ஒரு டிபன் கடை: கணக்குப் போடலாம்

இது ஒரு கற்பனைக் கடை. எண்கள் எல்லாம் புரிவதற்காக நான் போட்டவை. உங்க ஊர் விலைக்கு மாத்திக்கோங்க.

ஒரு அக்கா தொழிற்பூங்கா போகிற வழியில் டிபன் கடை போடுகிறார். கணவரும் கூடவே நிற்கிறார். மாதம் 26 நாள் கடை. ஒன்றரை லட்சம் கடன் வாங்கி அடுப்பு, பாத்திரம், தள்ளுவண்டி, ஷெட் எல்லாம் போட்டாச்சு.

ஒரு நாள் விற்பனை: 4,000 ரூபாய்
அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி: 2,200
கேஸ்: 250
வாடகை, நாள் கணக்கில்: 150
பார்சல் கவர், கரண்ட், போக்குவரத்து: 150
மொத்தச் செலவு: 2,750
கையில் நிற்பது: 1,250

26 நாளுக்கு 32,500 ரூபாய். "மாசம் முப்பத்தி ரெண்டாயிரம் லாபம்!" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். அதைக் கேட்டு பக்கத்திலேயே இன்னும் இரண்டு கடை முளைக்கும். ஆனா இது லாபம் இல்லீங்க. இன்னும் கழிக்க வேண்டியது இருக்கு.

கடன் தவணை: 5,000
பாத்திரம், அடுப்பு ரிப்பேருக்கு ஒதுக்க வேண்டியது: 1,500
மீதி: 26,000

இப்போதான் முக்கியமான கேள்வி. அக்காவும் கணவரும் இந்தக் கடையில் நிற்காமல் வெளியே வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? ஆளுக்கு 13,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 26,000. அதையும் கழித்தால் மீதி?

பூஜ்ஜியம்.

கடை நஷ்டத்தில் ஓடலை. இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்குது. ஆனா கடைக்கென்று ஒரு ரூபாய் லாபம் இல்லை. இந்த நிலையில் ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் அவருக்குக் கொடுக்கும் சம்பளம் இவங்க சாப்பாட்டிலிருந்துதான் போகும். பெரும்பாலான சின்னக் கடைகள் வருஷக்கணக்கா இதே இடத்தில்தான் நிற்கின்றன. தன் உழைப்புக்குக் கூலி போடாததால் அது வெளியே தெரிவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கோங்க. தொழிற்சாலை வேலையில் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் வரும். பி.எஃப்-ல் தொழிலாளி போடும் 12 சதவீதத்துக்குச் சமமாக நிறுவனமும் தன் பங்கைப் போடும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி உண்டு. கடையில் இரண்டுமே கிடையாது. அதனால் உங்க கூலியைக் கணக்குப் போடும்போது வெளியே கிடைக்கும் சம்பளத்தோடு இதையும் சேர்த்துப் போடுவதுதான் நியாயம்.

4. அப்போ முதல் சம்பள ஆள் எப்போ?

அதே கடையில் விற்பனை நாளுக்கு 6,000 ஆகுது என்று வைத்துக்கொள்வோம்.

பொருள் செலவு: 3,300
கேஸ்: 350
வாடகை: அதே 150
மற்ற செலவு: 200
மொத்தம்: 4,000
கையில் நிற்பது: 2,000

26 நாளுக்கு 52,000. கடன் தவணை 5,000, ரிப்பேருக்கு 2,000 போக 45,000. இரண்டு பேர் கூலி 26,000 போக 19,000. இப்போ நாளுக்கு 500 ரூபாய் சம்பளத்தில் ஒரு உதவியாளர் வைத்தால் மாதம் 13,000. அதுக்குப் பிறகும் கடைக்கு 6,000 ரூபாய் உண்மையான லாபம் நிற்கும்.

கவனிச்சீங்களா? விற்பனை ஒன்றரை மடங்குதான் ஆச்சு. ஆனா பூஜ்ஜியமாக இருந்த இடத்தில் ஒரு புது வேலையும் வந்தது, 6,000 லாபமும் வந்தது. வாடகையும் தவணையும் விற்பனையோடு சேர்ந்து ஏறாததுதான் காரணம். விற்பனையில் கூடிய அந்த 2,000 ரூபாயில்தான் ஊரில் இன்னொரு வீட்டுக்கு அடுப்பெரியுது.

அந்த உதவியாளர் வாங்கும் 13,000 எங்கே போகும்? பக்கத்து மளிகைக் கடைக்கு, பால்காரருக்கு, பிள்ளை பள்ளிக்கூட வேனுக்கு, தையல்காரருக்கு. அவங்க விற்பனையும் கொஞ்சம் கூடும். பொருளாதார வளர்ச்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வது கீழ் மட்டத்தில் இப்படித்தான் நடக்குது. உள்ளூரில் சம்பாதித்த பணம் உள்ளூரிலேயே எத்தனை கை மாறுது என்பதைப் பொறுத்துதான் அந்த ஊர் வளரும். பெரிய தொழிற்சாலை வெளியூர்ப் பணத்தை ஊருக்குள் கொண்டு வரும். அதை ஊருக்குள் சுத்த விடுவது சின்னத் தொழில்கள். இரண்டும் போட்டி இல்லை, ஒன்றுக்கு இன்னொன்று வேணும்.

5. விற்பனை கூடும்போது வரும் ஆபத்து: கடன் சரக்கு

"சரி, 6,000-க்கு எப்படிக் கொண்டு போறது?" ரோட்டில் போகிறவர்களை மட்டும் நம்பினால் கஷ்டம். மொத்தமாக வாங்குபவர் வேண்டும். ஒரு கான்ட்ராக்டர் வந்து, "என் ஆட்களுக்குத் தினமும் 2,000 ரூபாய்க்கு டிபன் அனுப்புங்க. அன்னன்னைக்குப் பணம் 45 நாள் கழிச்சு வந்துடும்" என்கிறார். கேட்க நல்லா இருக்கு. ஆனா கணக்கைப் பாருங்க.

அந்த 2,000 ரூபாய் டிபனுக்குக் கூடுதலாக ஆகும் பொருள், கேஸ், மற்ற செலவு நாளுக்கு 1,250. உதவியாளர் சம்பளம் 500. 45 நாளில் 39 நாள் வேலை நாள் என்றால்:

பொருள், கேஸ், மற்றவை: 48,750
சம்பளம்: 19,500
மொத்தம்: 68,250

முதல் ரூபாய் உங்க கைக்கு வரும் முன்னாடி 68,250 ரூபாய் உங்க கையை விட்டுப் போயிருக்கும். அது கையில் இல்லாவிட்டால்? தண்டல்காரர்தான் கதி. தண்டல் கணக்கையும் ஒரு தடவை பார்த்துடுவோம். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டணும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி" என்று தோணும். ஆனா முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், முழு 9,000 உங்களிடம் 100 நாளும் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கும். அதை ஆண்டு வட்டியாக மாற்றினால் 75 சதவீதத்தைத் தாண்டும். இட்லியில் வரும் லாபம் இந்த வட்டிக்குத் தாங்காது.

நல்லா ஓடின கடைகள் பல மூடினது விற்பனை இல்லாமல் அல்ல. விற்ற பணம் நேரத்துக்கு வராமல்தான். அதனால் பெரிய ஆர்டர் வந்தால் சந்தோஷப்படும் முன்னாடி, "எத்தனை நாள் கடன்? அத்தனை நாளுக்கு என் கையில் பணம் இருக்கா?" என்று கேளுங்க. முதல் மாதம் பாதி ஆர்டர் மட்டும் எடுங்க. வாரத்துக்கு ஒரு முறை பணம் கேளுங்க. விலையில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாவது சீக்கிரம் பணம் வருவது பல நேரம் லாபம்தான்.

6. 45 நாள் சட்டம்: உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது

2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதுக்கு ஒரு பாதுகாப்பு கொடுக்குது. சுருக்கமாகச் சொல்றேன்.

- குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாளுக்குள் கொடுக்கணும்.
- தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேர்த்துக் கொடுக்கணும்.
- பணம் வராவிட்டால் மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் புகார் கொடுக்கலாம். இணையதளம் மூலமும் கொடுக்கலாம்.
- 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் ஒரு விதி வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதத்தில் பாக்கி கேட்க இது நல்ல பிடி.

இதுக்கெல்லாம் உத்யம் பதிவு வேண்டும். ஆதார் எண் வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். கட்டணம் கிடையாது. "இரண்டாயிரம் கொடுங்க, பதிஞ்சு தர்றோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சரக்கு அனுப்பின பிறகு பதிவு செய்து பழைய பாக்கிக்கு உரிமை கேட்பது கஷ்டம். ஆர்டர் எடுக்கும் முன்னாடியே பதிவு செய்யுங்க, பில்லில் உத்யம் எண்ணைப் போடுங்க.

ஒரு எச்சரிக்கை. வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு செய்யலாம், வங்கிக் கடனில் முன்னுரிமையும் கிடைக்கும். ஆனா இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான்.

உண்மையையும் சொல்லிடறேன். இருக்கிற ஒரே வாடிக்கையாளர் மேலே யாரும் லேசில் புகார் கொடுக்க மாட்டாங்க. கொடுத்தால் அடுத்த ஆர்டர் போயிடும் என்ற பயம் இருக்கும். சட்டம் உங்க கையில் இருக்கணும்னா இரண்டாவது வாடிக்கையாளரும் உங்க கையில் இருக்கணும்.

7. ஒரே கேட்டை நம்பாதீங்க

இதுக்கு எறையூரே நல்ல பாடம். சர்க்கரை ஆலை வருஷம் பூரா அரைக்காது. கரும்பு வரும் சில மாதங்கள்தான் அரவை. அந்தப் பருவத்தில் கரும்பு வெட்டும் ஆட்கள், டிராக்டர், லாரி, பஞ்சர் கடை, டீக்கடை எல்லாம் சுறுசுறுப்பா இருக்கும். அரவை முடிஞ்சதும் அந்த வரும்படி குறையும். மழை பொய்த்து கரும்பு குறைந்த வருடம் இன்னும் மோசம். ஆலையை மட்டும் நம்பிய தொழில், ஆலை தும்மினால் படுத்துக்கும்.

ஏற்றுமதித் தொழிற்சாலைக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. வெளிநாட்டில் ஆர்டர் குறைந்தால் இங்கே ஷிஃப்ட் குறையும், கேட்டுக்கு வெளியே டிபனும் குறையும்.

மாறாக, இதே பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூரைப் பாருங்க. மரச் சிற்பம் செதுக்கும் ஊர். 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தொழில் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலை திறக்குது, எது மூடுது என்பதைப் பொறுத்தது இல்லை. வெளியூர்க் கோயில், வெளியூர் வீடு என்று வாங்குபவர்கள் பரவலாக இருக்காங்க. அவங்களுக்கும் கஷ்டங்கள் உண்டு. ஆனா ஒரே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கஷ்டம் இல்லை.

அதனால் கேட்டுக்கு வெளியே கடை போட்டாலும், விற்பனையில் பாதியாவது வேறு இடத்திலிருந்து வரும்படி பாருங்க. காலையில் ஷிஃப்ட்காரர்களுக்கு டிபன் என்றால், மாலையில் ஊர்க்காரர்களுக்குப் பலகாரம். இட்லி மாவு பாக்கெட் போட்டு நாலு ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கலாம். வேலைக்குப் போகும் பெண்கள் கூடினால் குழந்தை பார்த்துக்கொள்ளும் இடம், பிளவுஸ் தையல், வேன், வீட்டுக்கே காய்கறி என்று புதுத் தேவைகளும் கூடவே வரும். எல்லாரும் டீக்கடையே போடணும்னு அவசியம் இல்லை.

8. கடன் வாங்கும்போது

முத்ரா கடனில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவுகள் இருக்கு. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையான திட்டங்களுக்கு மானியம் உண்டு. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்றவர்களுக்கு 35 சதவீதம். மாநில அரசுத் திட்டங்களும் தனியே இருக்கு. இந்த விதிகள் அப்பப்போ மாறும். அதனால் விண்ணப்பிக்கும் முன்னாடி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துக்கோங்க.

இங்கே இரண்டு தப்பு அடிக்கடி நடக்குது.

முதல் தப்பு, மானியத்தைக் கையில் வரும் பணமாக நினைப்பது. பிரதமரின் திட்டத்தில் மானியம் உங்க பேரில் வங்கியில் மூன்று வருடம் பூட்டி வைக்கப்படும். தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். மானியத்துக்காகவே தொழில் தொடங்கினால் அந்த மூன்று வருடம் தாண்டாது.

இரண்டாவது தப்பு, கடன் முழுவதையும் மெஷின், ஷெட், போர்டு என்று போட்டுவிடுவது. மேலே பார்த்த 68,250 ரூபாய்க்கு எங்கே போவீங்க? வங்கியில் திட்ட அறிக்கை கொடுக்கும்போதே நடைமுறை மூலதனத்துக்குத் தனியாகக் கேளுங்க. குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையான கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

9. கடைக்காரரின் சொந்தப் பாதுகாப்பு

கடைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத குறையை நீங்களேதான் ஈடு செய்யணும்.

- வங்கியில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கு. வயது வரம்புக்குள் இருந்தால் இரண்டையும் எடுங்க. உங்க உதவியாளருக்கும் சேர்த்து எடுத்துக் கொடுங்க.
- கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனி வங்கிக் கணக்காக இருக்கட்டும். மாதம் ஒரு தேதியில் உங்க கூலியைக் கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாத்துங்க. கல்லாவிலிருந்து அப்பப்போ எடுக்கும் பழக்கத்தை விடுங்க.
- மூன்று மாத வீட்டுச் செலவைத் தனியாக வைங்க. அதைத் தொட்டு சரக்கு வாங்காதீங்க.

10. முடிவா, வேலையா கடையா?

வீட்டில் ஒரே ஒரு வருமானம், கையில் சேமிப்பு இல்லை, தலையில் கடன் இருக்கு என்றால் முதலில் வேலைக்குப் போங்க. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் சம்பளம் வாங்கி, சேமித்து, தொழிற்சாலைக்கு உள்ளே என்ன தேவை இருக்கு என்று பார்த்துத் தொழில் தொடங்கினால் இன்னும் நல்லது. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போய் இன்னொருவர் கடை வைப்பதும் நல்ல ஏற்பாடுதான். சம்பளம் வருவதால் கடையை அவசரத்துக்கு மூட வேண்டி வராது.

ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளையிலிருந்து 30 நாள், ராத்திரி கடை மூடினதும் நாலே நாலு எண் எழுதுங்க. விற்பனை, செலவு, கடன் கொடுத்தது, வீட்டு ஆட்கள் எத்தனை மணி நேரம் நின்றார்கள். மாதக் கடைசியில் உங்க கூலியைக் கழித்துப் பாருங்க. மீதி எவ்வளவு நிற்குது என்று பார்த்தால், முதல் சம்பள ஆளுக்கு இன்னும் எவ்வளவு விற்பனை கூடணும் என்று தெரிஞ்சிடும். அந்த எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வைங்க.

தமிழ்நாட்டில் இருக்கும் 49 லட்சத்துச் சொச்சம் சின்ன நிறுவனங்களில், பத்தில் ஒன்று மட்டும் புதிதாக ஒரே ஒரு ஆளைச் சேர்த்தால்கூட கிட்டத்தட்ட 5 லட்சம் வேலை வரும். அந்த ஐந்து லட்சத்தில் ஒன்று உங்க கடையிலிருந்து வரட்டும்.

30 நாள் கணக்கு எழுதிட்டு மீதி என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க. பூஜ்ஜியம் வந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்க. அங்கிருந்து அடுத்த பதிவில் பேசலாம்.